ஒரு கைக்கு ஒரு பெயர்

ஜூன் 12, வெள்ளி

இன்று நான் செய்த தவறு: ஹக்கீம் பாயை ஏமாற்றுக்காரர் என்று அவர் கடை வாசலில் நின்றே சொல்லிவிட்டேன்.

அவரிடம் வாங்கிய பதினாறு ஜிபி நினைவகச் சில்லை என் மடிக்கணினியில் நானேதான் பொருத்தினேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்த வரிசையை மாற்றவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். இரும்புக் கட்டிலைத் தொட்டு உடம்பில் இருந்த மின்சாரத்தை இறக்கினேன். சில்லின் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, சாய்வாகச் செருகி, பிறகு அழுத்தினேன். ‘டிக்’ என்று சத்தமும் வந்தது. ஆனால் திரையில் நான்கு ஜிபி என்றே காட்டியது. பழைய சில்லு இருந்தபோது காட்டிய அதே நான்கு. வழக்கமாக எது நடந்தாலும் பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைப்பேன். இன்று ஏனோ அடுத்தவர் மேல் சந்தேகம் வந்தது.

பாய் கோபப்படவில்லை. சில்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ரேமு பதினாறுதான் தங்கச்சி. லேப்டாப்புல எது ஓடுது? தோணி நாலா?”

“ஆமாங்க.” தோணிதான் என் மடிக்கணினியின் இயங்குதளம்; நாலு அதன் பழைய பதிப்பு.

“அதுக்கு எண்ணத் தெரிஞ்சதே நாலு வரைக்குந்தான். எட்டு ரூமு வீடு கட்டிக் குடுத்தாலும் முன் ரூமுலயே பாய விரிச்சுப் படுத்துக்கும். தோணி ஆறு போடுங்க, வீடு பூராத் தொறந்து பாக்கும்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே.”

“நீங்க வெலைய மட்டுந்தான கேட்டீங்க.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது யோசிக்கிறேன். கேட்கவில்லை.

நினைவகம் எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை பம்ப் கம்பெனியின் தேர்வு. வரைபடப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. நாங்கள் போய் உட்கார்ந்து வரைய வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது எங்கள் கையைத்தான். கை என்றால், நாம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துப் பார்த்து இயங்குதளம் தனக்குள் வளர்த்துக்கொள்ளும் பழக்கம். இரண்டு மூன்று வருஷத்தில் அது முற்றிவிடும். பிறகு ஓர் உதிரிப்பாகத்தின் விவரத்தைக் கொடுத்தால் நாம் எப்படி வரைவோமோ அப்படி அது வரையும். நாம் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் வரையும். கம்பெனிகள் இப்போது ஆளை எடுப்பதில்லை, கையை வாடகைக்கு எடுக்கின்றன. வாடகை மாதாமாதம் ஆளுக்கு வரும். பம்ப் கம்பெனியின் தேர்வு நான்கு ஜிபியில் மூச்சுத் திணறி நின்றுவிடும் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

என்னோடு விண்ணப்பித்திருப்பவள் ஜெசிந்தா. எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு. கணினி வரைபடம் படிக்கும் மாலை வகுப்பில் ஒரே பெஞ்சு. சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. இப்போது அவளுக்குத் துணி கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் திருப்பூரில் யாரோ ஓர் அக்காவின் கையை வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு கையே ஷெட்டு முழுக்க ஓடும் மிஷின்களில் தைக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து ஜெசிந்தாவுக்குத் துணி வராது. எனக்காவது பேக்கரியில் பில் போடும் வேலை இருக்கிறது.

அவளிடம் மடிக்கணினி இல்லை. காலையில் நான் பேக்கரிக்குப் போனதும் என்னுடையதை எடுத்துக்கொள்வாள். மாலையில் நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

தோணி நாலில் ஒரு மடிக்கணினிக்கு ஒரு கைதான் வளரும். அது என் மடிக்கணினி. ஆகவே அது என் கை. இதை ஏன் எழுதிவைக்கிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, சனி

வகுப்புக்கு ஜெசிந்தா வரவில்லை. கடைசிக் காலர்களை முடித்துக் கொடுக்கப் போயிருந்தாள். இடைவேளையில் மடிக்கணினியை, வகுப்பெடுக்கும் அமுதவல்லி மேடத்திடம் எடுத்துப் போனேன். மேடம் எங்களைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். சுண்டல் பொட்டலத்தை விசைப்பலகைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

“ரெண்டு வழி இருக்குது. பழசு மேலயே ஆறை ஏத்தலாம், கையும் கூடவே வந்துரும். இல்லாட்டி சுத்தமாத் தொடச்சுட்டு ஏத்தலாம். அப்ப கை இருக்காது. மறுபடியும் மொளச்சு வரோணும்.”

“பழசு மேல ஏத்துனாச் சிக்கல் ஏதாச்சும் வருங்களா மேடம்?”

“பேரு கேக்கும். நாலு இருக்குதே, அது யாரு என்னன்னு கேக்காம வளத்தி உட்டுரும். ஆறு அப்படியில்ல. ஒரு கைக்கு ஒரு பேரு. வேற யாராச்சும் பொழங்கியிருந்தா அவுங்க தடத்தத் தொடச்சுட்டுத்தான் உள்ளயே உடும். வாடகை யாருக்குப் போகுதுன்னு கம்பெனிக்குத் தெரியோணுமல்ல?” அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “கைக்கும் உனக்கும் பொருத்தம் பாத்தரலாமா? இந்தா, இந்தப் படத்தப் போடு.”

போட்டேன். வழக்கம்போல முதலில் தாளில். பேக்கரியில் தினமும் கிழிக்கும் நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம்தான் என் வரைவுத் தாள். அதில் போட்டு, அளவுகளைக் கூட்டிப் பார்த்து, சரியான பிறகு திரையில் வரைந்தேன். ஒரு கோடுகூட அழிக்கவில்லை.

திரையின் ஓரத்தில் ‘பொருத்தம் குறைவு’ என்று வந்தது.

“இது உன்ற லேப்டாப்புத்தான?” என்றார் மேடம்.

“ஆமாங்க மேடம்.”

“இதுல நீ தப்பே பண்ணமாட்டியா?”

“பண்ணிருவேனுங்க. ஆனா தாள்லயே பண்ணிட்டு, சரியான பொறவுதான் இதுல ஏத்துவேன்.”

“அங்கதான் கெட்டுது போ. நீ தயங்கற எடம், தப்புப் போட்டுத் திரும்பற எடம், அதுலதான் கை பாடம் படிக்குது. முடிஞ்ச கோலத்தக் காட்டியிருக்கற. புள்ளி வெச்சத அது பாக்கவே இல்ல.” பிறகு, கொஞ்சம் தயங்கி, “வேற யாரு பொழங்குனா? ஜெசிந்தாவா?” என்றார்.

நான் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன். மேடம் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான் விவரத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, கை முதலில் நட்டநடுவில் ஒரு வட்டத்தைப் போடும். அதிலிருந்து வெளியே விரியும். நான் ஒருநாளும் அப்படித் தொடங்கியதில்லை. நான் ஓரத்திலிருந்து, சட்டத்திலிருந்து தொடங்குகிறவள். நடுவில் வட்டம் போடுவது ஜெசிந்தா. என்ன வரையப் போகிறோம் என்று தெரியாமலே முதலில் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு, “அப்பறம் பாத்துக்கலாம்” என்பாள். அது இயங்குதளத்தின் வழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் அடுப்பில் அவள் உலை கொதித்திருக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மாலையில் மடிக்கணினி என்னிடம் வந்ததும் அவள் காலையில் போட்ட படங்களைத் திறந்து பார்ப்பேன். விட்டுப்போன நடுக்கோட்டைப் போடுவேன். தப்பான அளவைத் திருத்துவேன். அவளிடம் சொன்னதில்லை. உதவி என்று இதற்குப் பெயர் வைத்திருந்தேன். அவள் எத்தனை தப்புச் செய்கிறாள் என்று பார்ப்பதற்காகத்தான் திறந்தேன். தப்புக் குறைந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கியதில்லை.

முடிவு செய்துவிட்டேன். சுத்தமாகத் துடைத்துவிட்டு ஆறை ஏற்றப் போகிறேன். எனக்கும் கை இருக்காது, அவளுக்கும் இருக்காது. நியாயமாகத்தான் தெரிகிறது. நியாயமாகத் தெரிவதால் கொஞ்சம் சந்தேகமும் வருகிறது.

முன்னதாக எல்லாவற்றையும் பழைய வன்தட்டில் முழுப் பிரதி எடுத்து வைத்தேன். அது ஒழுங்கு. வேறு காரணம் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போய்விட்டு ஜெசிந்தா நேராக என் அறைக்கு வந்தாள். கையில் கோடு போட்ட துணியில் தைத்த ஓர் உறை இருந்தது.

“கடைசிக் காலர் துணி. மிச்சத்துல உன்ற லேப்டாப்புக்குச் சட்ட தெச்சுட்டேன். நாளைக்குப் பரிச்சைக்குப் போற மகராசி வெறும் மேலோடவா போவா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஏன்டி ஈசு, முந்தாநேத்துச் சுட்ட பன்னாட்ட ஒக்காந்திருக்கற?”

என் முழுப்பெயர் சௌடேஸ்வரி. அதைப் பாதியாக வெட்டியது இவள்தான்.

“எல்லாத்தையும் தொடச்சுட்டு ஆறு போடப் போறேன். கை போயிரும். வேற வழியில்ல” என்றேன். ‘வேற வழியில்ல’ என்பது பொய்.

“தொடச்சுட்டா நாளைக்கு என்னத்தக் காட்டுவ?”

“ஒண்ணும் காட்ட முடியாது.”

“கிறுக்காடி உனக்கு? அத்தன நல்ல கைய யாராச்சும் அழிப்பாங்களா?”

“அது யாரு கைன்னு நெனைக்கற?”

“இதென்ன கேள்வி. உன்றதுதான். நான் காலையில தாறுமாறாப் போட்டு வெச்சுட்டுப் போவேன். அடுத்த நாள் தொறந்தா எல்லாம் நேரா நிக்கும். இப்பெல்லாம் நான் போடப் போடவே திருத்துது, உன்றயாட்டவே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு. உள்ள ஒக்காந்திருக்கறது நீதான்னு எப்பவோ தெரியும்.” கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். “எனக்கு எத்தன பொறாமை தெரியுமா? நான் தெச்ச காலர அப்படி ஒருத்தி திருத்தியிருந்தா ஊசியாலயே குத்தியிருப்பேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். பொறாமை என்ற வார்த்தையை அப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு வருஷமாக அதை உதவி என்று எழுதி வந்திருக்கிறேன்.

அதன் பிறகு துடைக்க முடியவில்லை. நேற்று மேடம் பொருத்தம் பார்த்ததைச் சொன்னேன். அது அவள் கையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். மாலையில் நான் திருத்தியதை மட்டும் சொல்லவில்லை.

அவள் நம்பவில்லை. “ஏத்து, பாத்தரலாம்” என்றாள்.

பழசின் மேலேயே தோணி ஆறை ஏற்றினோம். முடிந்ததும் திரையில் பதினாறு ஜிபி என்று வந்தது. ஹக்கீம் பாய் நல்லவர். அடுத்து, கையின் உரிமையாளர் யார் என்று கேட்டது. ஒரு பேரிங் உறையின் விவரத்தைக் கொடுத்து வரையச் சொன்னது.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். நட்டநடுவில் வட்டம். அதிலிருந்து வெளியே. திருகாணி போடும் காது ஒன்றை மறந்தாள், பிறகு சேர்த்தாள். நடுக்கோட்டை விட்டுவிட்டாள். முடித்தாள்.

‘பொருத்தம் குறைவு.’

எனக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று எழுந்தது. என்னுடையது இல்லை என்றால் அவளுடையதும் இல்லை. அதை மறைக்கச் சன்னலைத் திறக்கப் போனேன்.

“நாஞ்சொன்னேன்ல, உன்றதுதான்னு” என்று அவள் மறுபடி வரையத் தொடங்கினாள். அதே வட்டம், அதே காது. இந்த முறையும் நடுக்கோட்டைப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மவுஸை அவள் கையிலிருந்து பிடுங்கி நடுக்கோட்டைப் போட்டேன், அளவைத் திருத்தினேன். அவள் திரும்ப வாங்கி அடுத்த வட்டத்தைப் போட்டாள். நான் திரும்பப் பிடுங்கினேன். திரையின் ஓரத்தில் பச்சைப் பட்டை ஏறிக்கொண்டே போனதை இருவரும் கடைசியில்தான் பார்த்தோம்.

‘பொருத்தம் நிறைவு. உரிமையாளர் பெயர்?’

கீழே ஒரே ஒரு பெட்டி.

“சாயங்காலம் சாயங்காலம் நீதான் திருத்துனியா?” என்றாள் ஜெசிந்தா.

“ஆமா.”

“மிஷினுன்னு நெனச்சேன்.” பச்சைப் பட்டையை விரலால் தட்டினாள். “கல்யாணப் பொருத்தம் நம்ம ரெண்டு பேருக்குந்தான் இருக்குதாட்ட இருக்குது. கருமம்.”

சிரிப்பு வந்தது. அது அடங்கியபோது பெட்டி அப்படியே இருந்தது. மற்றவரின் தடங்கள் நீக்கப்படும் என்று அதன் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

“உன்ற பேரப் போடு” என்றாள்.

“உனக்குத் துணி வராதே.”

“அதுக்கு? மிஷினு உன்றது. நான் எதையாச்சும் பாத்துக்கறேன்.”

‘அப்பறம் பாத்துக்கலாம்’ என்று வட்டம் போடும் அதே குரல். விட்டுக்கொடுப்பதுகூட அவளுக்கு அப்படித்தான் வருகிறது. முன்பின் யோசிக்காமல், நட்டநடுவில். நான் எதையாவது விட்டுக்கொடுக்க நினைத்தால் நான்கு தாள் ஆகும். அந்தச் சுலபத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன் என்று நினைக்கிறேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் சௌடேஸ்வரி என்று எழுதிப் பார்த்தேன். எழுத்து சரியாக இருந்தது. பிறகு பெட்டியில் அடித்தேன்.

தடங்கள் அழிந்து முடியும் வரை ஜெசிந்தா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முடிந்ததும் மடிக்கணினியை உறைக்குள் வைத்துப் பார்த்தாள். “கொஞ்சம் லூசா இருக்குது. புடிச்சுக் குடுக்கறேன்” என்று உறையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் சாப்பிட்ட பிறகு நாளைய தேர்வுக்காக ஒத்திகை பார்த்தேன். வெற்றுத் தாளைத் திறந்து ஒரு விசிறியின் விவரத்தைக் கொடுத்தேன். கை அசையவில்லை. வேறு விவரம் கொடுத்தேன். அசையவில்லை. ஏற்றியதில் பிழையா என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பிழை இல்லை. பதினாறு ஜிபியும் திறந்து கிடந்தது. தாளின் ஓரத்தில் அம்புக்குறி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

என்ன தோன்றியதோ, நான் இன்னும் திருத்தாமல் விட்டிருந்த ஜெசிந்தாவின் படம் ஒன்றைத் திறந்தேன். உடனே பாய்ந்தது. நடுக்கோடு, அளவு, விட்டுப்போன துளை, எல்லாம் சரசரவென்று நேரானது. அத்தனை அழகு. மறுபடி வெற்றுத் தாளைத் திறந்தேன். மறுபடி நின்றுவிட்டது. அடுத்தவர் தப்புச் செய்யட்டும் என்று காத்திருக்கத்தான் என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“திருத்தற கை அவுங்களுக்கு வேண்டாம் ஈஸ்வரி. அதுக்கு அவுங்ககிட்டயே சாப்ட்வேர் கெடக்குது. ஆரம்பிக்கற கைதான் கெடைக்காது. அதுல தப்பு இருந்தாலும் பரவால்லைன்னு எடுத்துக்குவாங்க.”

“அப்ப ஜெசிந்தா பேரு போட்டிருந்தா?”

“எடுத்திருப்பாங்க. இப்பத்தான் தொடச்சுட்டியே.”

பிரதி எடுத்து வைத்திருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அந்தப் பழைய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இது இருப்பது யாருக்கும் தெரியாது. நாளை எனக்குக் கிடைக்காது. அவளுக்கும் கிடைக்காது. இரண்டு பேரும் இதே பெஞ்சில், இதே லைன் வீட்டில், சமமாக இருப்போம். அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வெயில் தாழும்வரை அந்த இதத்தில் இருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. கடைசிக் காலர் துணியில் அவள் என் உறையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எந்த அளவையும் எழுதிக்கொண்டு போகவில்லை. கண்ணால் பார்த்தது மட்டும்தான். சரியாகத்தான் இருக்கும்.

பொறாமை போகவில்லை. அவள் வாடகை வாங்கும் ஒவ்வொரு மாதமும் வரும் என்று நினைக்கிறேன்.

நாளை விடிந்ததும் பேக்கரிக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்ல வேண்டும். பழைய தட்டிலிருந்து தோணி நாலை மீட்டு, அதன் மேல் ஆறை ஏற்ற வேண்டும். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு வரையச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். பட்டை நிறையும் வரைதான் மவுஸைத் தொடலாம், அதற்கு மேல் கூடாது. சாயங்காலம் ஹக்கீம் பாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெயர்ப் பெட்டி வந்ததும் ஜெசிந்தா என்று, தாளில் எழுதிப் பார்க்காமல், நேராக அடிக்க வேண்டும்.